நாலு பேர் சாரட்டு

சாரட்டில் நாலு பேரும் ஏறி உட்கார்ந்தாயிற்று. குதிரைதான் கிளம்பவில்லை.

முன்சீட்டில் பிரேக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பஸ் டிப்போவில் பிரேக் பார்க்கிற வேலை. அதனால் தெருவுக்கே அவர் பிரேக்காரர். பக்கத்தில் மகள். பின்சீட்டில் அவர் மனைவி மெத்தைக்காரம்மாவும், அவர் தம்பி பெயின்டரும். மெத்தைக்காரம்மாவின் மடியில் சாப்பாட்டுப் பை இருந்தது. ரொட்டி, அவித்த முட்டை, உப்புப் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கு, பிளாஸ்க் நிறையத் தேநீர். ஏரி வரைக்கும் போய், கரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு.

பிரேக்காரர் நாக்கை மேலண்ணத்தில் தட்டினார். டக், டக்.

குதிரை ஒரு காதை மட்டும் பின்னால் திருப்பியது.

இன்னொரு முறை தட்டினார். குதிரை அந்தக் காதையும் முன்னால் திருப்பிக்கொண்டது.

எதிர்வீட்டு பம்ப் ஆபரேட்டர் வாயில் பிரஷ்ஷோடு வாசலுக்கு வந்தார். தண்ணீர்த் தொட்டி வேலை ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத்தான். அதுவரை தெருவை மேற்பார்வை பார்ப்பது அவர் பொறுப்பு.

"என்ன பிரேக்கு, போட்ட பிரேக்கை எடுத்தீங்களா?"

"அதெல்லாம் எடுத்தாச்சு. நீங்க பல்லைத் தேய்ங்க."

"இல்ல, கேட்டேன். வண்டி பளபளன்னு இருக்கு. நின்னாலும் அழகாத்தான் இருக்கு."

பிரேக்காரரின் கழுத்துப் பின்புறம் சிவப்பதை மெத்தைக்காரம்மா பார்த்தாள். மறுபடியும் டக், டக். மகள் தன் பங்குக்கு மெல்ல ஏதோ முனகினாள். பின்னாலிருந்து பெயின்டர் விசிலடித்தான். மெத்தைக்காரம்மாவுக்கும் பொறுக்கவில்லை, "போலாம், என் ராசா, போலாம்" என்றாள். குதிரை நாலு காலையும் தரையில் நன்றாக ஊன்றிக்கொண்டது. வாலைத் தூக்கியது. பொத் பொத்தென்று சாணி விழுந்தது.

"அது பாட்டுக்கு அதோட வேலையைப் பாத்துடுச்சு" என்றார் பம்ப் ஆபரேட்டர்.

அன்றைக்கு அவித்த முட்டையை அவர்கள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து தின்றார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. உருளைக்கிழங்கில் இரண்டு குதிரைக்குப் போனது. அது மட்டும் நிதானமாகச் சுவைத்துத் தின்றது.

குதிரையின் பேர் சம்பந்தி. சவாரிப் பள்ளி ஒன்றை இழுத்து மூடியபோது அங்கிருந்து வந்தது. வந்த அன்றைக்கே தீவனத் தொட்டியை முகர்ந்து பார்த்தது, கொட்டிலை நாலு பக்கமும் பார்த்தது, தண்ணீரில் மூக்கை வைத்து எடுத்தது, பிறகு எதுவும் தன் தகுதிக்குச் சரியில்லை என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. "கல்யாண வீட்டுக்கு வந்த சம்பந்தி மாதிரியே இருக்கு" என்றான் பெயின்டர். பேர் ஒட்டிக்கொண்டது.

அந்த வீட்டில் எல்லாருக்கும் குதிரைப் பித்து. ஒருத்தருக்கு இருந்து மற்றவர்களுக்குத் தொற்றியதா, எல்லாருக்கும் தனித்தனியாக இருந்ததா என்று கேட்டால் அதற்கே ஒரு சண்டை நடக்கும். மகள் சின்ன வயதில் அந்தச் சவாரிப் பள்ளியில் ஏறக் கற்றவள். அவளைக் கூட்டிக்கொண்டு போய் வேலிக்கு வெளியே நின்று நின்று மற்ற மூன்று பேருக்கும் பழகிவிட்டது. பள்ளி மூடுகிறது, சம்பந்தியை யாராவது எடுத்துக்கொள்ளலாம் என்று தெரிந்ததும், வீட்டில் பேசி முடிவெடுக்க யாருக்கும் பொறுமை இருக்கவில்லை. பிரேக்காரர் பின்கட்டு விறகுக் கொட்டகையைக் காலி செய்ய ஆரம்பித்தார். அதுதான் முடிவு.

சாரட்டும் அப்படி வந்ததுதான். உடைசலாகக் கிடந்த வண்டி ஒன்று. பிரேக்காரர் அச்சைப் பிரித்துக் கிரீஸ் போட்டு, இரும்புப் பட்டையடித்து, மிதித்தால் பிடிக்கிற பிரேக் வைத்தார். ஒரு பஸ்ஸையே நிறுத்தும் என்பது அவர் கணக்கு. பெயின்டர் உடம்பைச் சுரண்டி, மூன்று பூச்சு அடர்பச்சை அடித்து, ஓரத்தில் மஞ்சள் கோடு இழுத்தான். கடைப் பலகை எழுதும் கை. கோடு முடி போல் வந்தது. மெத்தைக்காரம்மா சீட்டு தைத்தாள். ஊரில் பாதி வீட்டு சோபா அவள் கை பட்டதுதான். ஆனால் இந்தச் சீட்டுக்குச் செய்ததுபோல் யாருக்கும் செய்யவில்லை. நாலு பேரையும் ஸ்டூலில் உட்கார வைத்து அளவெடுத்தாள்.

"சீட்டுக்கு என்னத்துக்கு அண்ணி என் இடுப்பை அளக்குறீங்க?" என்று கேட்டான் பெயின்டர்.

"உன் பாரத்துக்குத் தக்கபடி பஞ்சு அடைக்கணும் தம்பி. என் பக்கம் ஸ்பிரிங் இறங்கி, உன்னைத் தூக்கி அடிச்சா என்ன பண்றது?"

அளவெடுக்கக்கூட நாலு பேரையும் ஒன்றாகப் பிடிக்க முடியவில்லை. நாலு வேளையில் எடுத்தாள். அந்த வீட்டின் விதி அது. பிரேக்காரருக்கு மாறி மாறி ஷிப்ட். மகள் மருந்துக் கடையில் நின்று திரும்ப மாலையாகும். பெயின்டர் கடைகள் பூட்டியிருக்கும் நேரம் பார்த்துப் பலகை எழுதப் போவான். நாலு தட்டும் ஒரே வேளையில் மேசைக்கு வருவது ஞாயிறு ஒன்றில்தான், அதுவும் யாராவது ஒருத்தர் தூங்கி வழிந்துகொண்டு. இப்போது மகளுக்குத் தூரத்து ஊரில் ஆய்வகத்தில் வேலை கிடைத்துவிட்டது. அடுத்த ஞாயிறு கழிந்து மறுநாள் கிளம்புகிறாள். கிளம்புவதற்குள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து ஏரி வரைக்கும் போய்வர வேண்டும். சாரட்டில் ஏறிவிட்டால் யாரும் பாதியில் எழுந்து போக முடியாது அல்லவா? மெத்தைக்காரம்மா இதை யாரிடமும் விளக்கவில்லை. பஞ்சை அடைத்து அடைத்து உள்ளே வைத்துத் தைத்துவிட்டாள்.

பிரேக்காரர் முதல் நாளே ஒரு சட்டம் போட்டிருந்தார்.

"குதிரைக்கு வாத்தியார் ஒருத்தர்தான் இருக்கணும். நாலு பேரு கத்துக்கொடுத்தா நாலையும் மறந்துடும். வண்டி இழுக்க நான் பழக்குறேன். நீங்க தீனி போடுங்க, தேய்ச்சு விடுங்க, கொஞ்சுங்க. கடிவாள வாரைத் தொடக்கூடாது."

மூன்று பேரும் தலையாட்டினார்கள். அந்த வீட்டில் அவ்வளவு சீக்கிரம் மூன்று பேர் தலையாட்டினால் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

திங்கட்கிழமை லாடம் அடிக்கிறவர் வந்தார். பெட்டியும் பட்டறைக்கல்லும் மொபெட்டில் கட்டியிருந்தது. சம்பந்தியின் காலைத் தூக்கிப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், கழுத்துப்பட்டைக்குள் விரல் விட்டுப் பார்த்தார். பார்க்காத இடம் இல்லை என்றானதும் சொன்னார்: "கழுத்துப்பட்டை தோள்ல இடிக்குது. இழுத்தா வலிக்கும்னு அதுக்குத் தெரியும். புத்திசாலி."

கழுத்துப்பட்டை மெத்தைக்காரம்மா தைத்தது.

"எங்க இடிக்குது? காட்டுங்க" என்றாள்.

"இப்படின்னு கைகாட்ட முடியாதும்மா. அது ஒரு அனுமானம்."

"அனுமானத்துக்கா பிரிச்சுத் தைக்கச் சொல்றீங்க?"

"பிரிச்சுத் தைங்க. அதுக்கப்புறமும் நின்னா லாடத்தைப் பாப்போம்."

அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் மழை கொட்ட, மெத்தைக்காரம்மா தையல் மேசையில் பட்டையைப் போட்டுப் பிரித்தாள். உள்ளே அடைத்திருந்த குதிரைமுடியை உதறி, சிக்கெடுத்து, கட்டி இல்லாமல் அடுக்கினாள். மேலே கம்பளித் துண்டு இரட்டையாக. வளைந்த ஊசியைத் தோலுக்குள் தள்ளும்போது உள்ளங்கையில் கட்டியிருந்த தோல்பட்டையையும் மீறி வலித்தது. மெழுகு தடவிய நூலை இழுக்க இழுக்க விரல் மடிப்பு அறுந்தது. ஒரு சோபாவுக்கு இவ்வளவு பட்டதில்லை. தன் தையலில் குற்றம் என்று ஒருத்தர் சொன்னது இதுதான் முதல். அதுவும் கையால் காட்ட முடியாத குற்றம். ஊசிக்கு ஊசி அவரைத் திட்டிக்கொண்டே தைத்தாள்.

இரண்டு நாள் கழித்து, விடிகாலையில், மழை விட்ட நேரம் பார்த்துப் பிரேக்காரர் புதுப்பட்டையை மாட்டி, சம்பந்தியைப் பழக்கும் இரட்டைச் சக்கர வண்டியில் பூட்டினார். வீட்டுக்குப் பின்னாலிருந்த திடலில் தண்ணீர் தேங்கியிருந்தது. மெத்தைக்காரம்மா சமையலறை ஜன்னலில் டீ வடிகட்டியோடு நின்று பார்த்தாள்.

டக், டக்.

சம்பந்தி கிளம்பியது. கழுத்தை வளைத்து, காலை எடுத்து எடுத்து வைத்து, தண்ணீர் தெறிக்க, பார்க்கவே கண் நிறைந்தது. பிரேக்காரர் திடலைச் சுற்றி வந்து ஜன்னலைப் பார்த்து ஒரு கையைத் தூக்கினார்.

"பாத்தியா? பட்டைதான். உன் தையல்தான்."

அவர் சொன்னது பாராட்டா குறையா என்று அவள் யோசிக்கவில்லை. வடிகட்டியிலிருந்து டீ அவள் கையில் ஒழுகிக்கொண்டிருந்தது. நாக்கைத் தட்டினால் எப்படிக் கிளம்பும்? நாக்கைத் தட்டினால் நிற்க அல்லவா வேண்டும்? மத்தியானம் எல்லாரும் வெளியே போன பிறகு, தண்ணீர் காட்டக் கூட்டிக்கொண்டு போகிற சாக்கில், திடலில் அந்த வண்டியைப் பூட்டி அவள் ஓட்டிய நாட்களில் எல்லாம் "போலாம்" என்றால் கிளம்பும். ச்சு ச்சு என்று நாக்கைத் தட்டினால் நிற்கும். நின்றதும் ஒரு துண்டு கேரட் கொடுப்பாள். அவளே பழக்கியது.

அன்று சாயங்காலம் மகள் உள்ளே நுழைந்து பையைக்கூட இறக்கவில்லை, மெத்தைக்காரம்மா கேட்டாள்.

"சம்பந்தியை நீ எப்படி நிறுத்துவே?"

"நானா? நான் எங்கம்மா ஓட்டுறேன்? அப்பா திட்டுவாரு."

"உன் பூட்ஸ்ல திடல் சேறு இருக்கு. கொட்டில்ல ஏது சேறு?"

மகள் பூட்ஸைப் பார்த்தாள். "சவாரி பண்றப்ப கொஞ்சம். அப்புறம் வண்டியிலயும் ரெண்டு மூணு தடவை. சின்னதா முனகுவேன், நடக்கும். ஒரு விசில் அடிச்சா நின்னுடும். கணக்கா நிக்கும்மா, நீ பாக்கணும்."

பின்வாசலில் மண்ணெண்ணெயில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்த பெயின்டர் திரும்பினான். "விசிலடிச்சா நிக்குமா? விசிலடிச்சா அது ஓடுமே."

மகள் பையைக் கீழே வைத்தாள்.

"சித்தப்பா, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் விசிலடிக்காம எந்த வேலைம்மா செஞ்சிருக்கேன்? ஒரு நாள் சும்மா வண்டில உக்காந்தேன். பாட்டு வந்துச்சு. அது ஓடுச்சு. நல்லாருக்கேன்னு விட்டுட்டேன்."

பிரேக்காரர் ஷிப்ட் முடிந்து வந்தபோது உருளைக்கிழங்கு மேசையில் ஆறிக்கொண்டிருந்தது. விஷயத்தை மகள்தான் சொன்னாள். அவர் கை கழுவி, துடைத்து, நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கிழங்கை எடுத்துத் தோலை உரித்தார். முழுதாக உரித்த பிறகுதான் வாய் திறந்தார்.

"அப்ப இந்த வீட்ல என்னைத் தவிர எல்லாரும் வாத்தியார்."

"நீங்களும் வாத்தியார்தாங்க" என்றாள் மெத்தைக்காரம்மா. "நாலு வாத்தியார், ஒரு பையன்."

"நான் சொன்னேன்ல? முதல் நாளே சொன்னேன்ல?"

"சொன்னீங்க. நீங்க சொன்னது சரிதான். அதான் யாரும் உங்ககிட்ட சொல்லல."

"நாக்கைத் தட்டுனா எனக்குக் கிளம்புற சத்தம், உனக்கு நிக்கிற சத்தம். விசிலடிச்சா அவளுக்கு நிக்கிறது, இவனுக்கு ஓடுறது. அது என்ன பண்ணும் பாவம்? கண்ணுக்கு ரெண்டு பக்கமும் மறைப்பு வேற மாட்டிருக்கு. பேச்சுன்னா குரலை வெச்சு ஆளைக் கண்டுபிடிக்கும். நாக்கைத் தட்டுறதுல யாரு பேரு எழுதியிருக்கு?"

"அதனாலதான் அது நின்னுடுச்சு" என்றான் பெயின்டர். "நானா இருந்தா படுத்திருப்பேன்."

"சரி. இனிமே என் பாஷைதான். மத்ததை விட்டுடுங்க."

"ஏன்ப்பா உங்க பாஷை? அதுமேல முதல்ல ஏறினவ நான்."

"ஏறினது வேற, பூட்டினது வேற."

"அண்ணே, ஒண்ணு சொல்லவா? என்கிட்டதான் அது சந்தோஷமா ஓடும். நீங்க ஓட்டுறப்ப ஆபீஸ் போற மாதிரி போகும்."

"ஆமாடா, நீ அதுக்குக் கச்சேரி வை."

மெத்தைக்காரம்மா தட்டைத் தள்ளி வைத்தாள். "நான் என்ன கேட்டேன்? வீடு கேட்டேனா, நகை கேட்டேனா? நாலு பேரும் ஒரு தடவை ஒண்ணா உக்காந்து ஏரி வரைக்கும் போகணும்னேன். இவ கிளம்புறதுக்குள்ள. அவ்வளவுதான். அதுக்குக் குதிரை இருக்கு, வண்டி இருக்கு, ரோடு இருக்கு. நம்ம நாலு பேரும் இருக்கிறதுதான் இடைஞ்சல்."

அதற்குப் பிறகு கிழங்கை யாரும் தொடவில்லை. கடைசியில் மகள்தான் ஒரு வழி சொன்னாள். எந்தச் சத்தமும் வேண்டாம். வாரை மட்டும் வைத்து ஓட்டலாம். சவாரிப் பள்ளியில் சம்பந்தி படித்த பழைய பாடம் அது. அவள் ஓட்டுவாள். மற்றவர்கள் வாயைத் திறக்கக்கூடாது.

"இந்த வீட்லயா?" என்றான் பெயின்டர். "நாலு பேருமா?"

ஞாயிற்றுக்கிழமை வானம் கழுவித் துடைத்ததுபோல் இருந்தது. முட்டை, ரொட்டி, கிழங்கு, பிளாஸ்க். நாலு பேரும் ஏறினார்கள். பம்ப் ஆபரேட்டர் வாசலில் ஆஜர். இந்த முறை நாற்காலியே போட்டிருந்தார். மகள் வாரை ஒரு நூல் இறுக்கி, விட்டாள்.

சம்பந்தி கிளம்பியது.

பம்ப் ஆபரேட்டர் எழுந்து நின்றார். பிரேக்காரர் அவரைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க அவர் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. சாரட்டு தெருமுனை திரும்பி, தொழிற்சாலைச் சுவரோரம் உருண்டது. சக்கரம் ஒரே சீராகச் சத்தம் போட்டது. ஸ்பிரிங் இறங்கி ஏறியது. யாரையும் தூக்கி அடிக்கவில்லை. சுவரின் நிழலும் வெயிலும் மாறி மாறி அவர்கள் மடியில் விழுந்தன. சம்பந்தியின் முதுகு நெய் பூசியதுபோல் மின்னியது. மகளின் முதுகு நேராக இருந்தது. மெத்தைக்காரம்மா தன் மனதுக்குள்கூட எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

சுவர் முடிந்து பெரிய ரோடு வந்தது. தூரத்தில், இரண்டு மரங்களுக்கு நடுவே, ஏரித் தண்ணீர் ஒரு கீற்றுபோல் தெரிந்தது. காற்று எதிரே வந்து முகத்தில் அடித்தது.

பெயின்டர் விசிலடித்துவிட்டான்.

அவனுக்கே தெரியாது. சந்தோஷம் வந்தால் அவனுக்கு உதடு தானாகக் குவியும். சம்பந்தி பாய்ந்து ஓட ஆரம்பித்தது. மகள் பதறி, பழக்கத்தில், நிறுத்துவதற்காக விசிலடித்தாள். குதிரை இன்னும் வேகம் எடுத்தது. "ஓ, ஓ" என்று கத்தியபடி பிரேக்காரர் பிரேக்கை மிதித்தார். மெத்தைக்காரம்மா பின்னாலிருந்து "ச்சு ச்சு ச்சு" என்றாள். சம்பந்தி நட்டநடு ரோட்டில், நாலு காலையும் ஊன்றி, நின்றேவிட்டது.

பின்னால் ஒரு பஸ் வந்து ஹாரன் அடித்தது. பிரேக்காரர் டிப்போ பஸ்தான். டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"அண்ணே, பிரேக் நல்லாப் பிடிக்குது போல."

பிரேக்காரர் திரும்பவில்லை. வாரை மகளிடமிருந்து வாங்கி உதறினார். நாக்கைத் தட்டினார். கெஞ்சினார். சம்பந்தி ஒரு காதை முன்னாலும் ஒரு காதைப் பின்னாலும் வைத்துக்கொண்டு நின்றது. பஸ் ஒதுங்கிக் கடந்து போனது. ஜன்னலுக்கு ஜன்னல் முகங்கள்.

"மன்னிச்சுடுங்க அண்ணி" என்றான் பெயின்டர். "தெரியாம வந்துடுச்சு. நல்லாருந்துச்சா, அதான்."

"அப்ப சந்தோஷப்படாம உக்காந்திருந்தாத்தான் போகுமா இது?" என்றாள் மகள்.

பெயின்டர் குதித்து இறங்கி, முன்னால் போய்க் கடிவாளத்தைப் பிடித்து இழுத்தான். அவன் கையில் டர்பன்டைன் வாடை. சம்பந்தி தலையைத் தூக்கிப் பல்லைக் காட்டியது. பிரேக்காரருக்கு முழங்கால் வீக்கம்; இவ்வளவு தூரம் நடக்க முடியாது. மகள் இறங்கப் போனாள்.

"நீ உக்காரு" என்றாள் மெத்தைக்காரம்மா.

சாப்பாட்டுப் பையைத் தன் இடத்தில் வைத்துவிட்டு இறங்கினாள். சம்பந்தியின் இடது பக்கம் போய், கன்னத்து வாரில் விரலைக் கோத்து, ஒன்றும் சொல்லாமல் முன்னால் பார்த்து நடந்தாள். தினமும் மத்தியானம் தண்ணீருக்குக் கூட்டிப் போகிற நடை அது. இரண்டடி போனதும் குளம்புச் சத்தம் பின்னால் கேட்டது. பிறகு சக்கரச் சத்தம். பெயின்டர் ஓடிவந்து தொற்றி ஏறினான்.

"ஏறும்மா, கிளம்பிடுச்சுல்ல" என்றாள் மகள்.

"ஏறினா நிக்கும்."

"கொஞ்ச தூரம் போய் ஏறிக்கோ" என்றார் பிரேக்காரர்.

கொஞ்ச தூரம் போய் ஏறிப் பார்த்தாள். நின்றது. இறங்கினாள். நடந்தது. அதற்குப் பிறகு யாரும் சொல்லவில்லை.

கூட்டிப் போகிறபோது சம்பந்திக்குச் சத்தம் ஒரு பொருட்டில்லை. கன்னத்திலிருக்கும் கைதான் கணக்கு. பின்னால் இருந்தவர்களுக்கு அது மெல்லப் புரிந்தது. முதலில் பெயின்டர் பயந்து பயந்து ஒரு விசில் விட்டான். ஒன்றும் ஆகவில்லை. மகள் முனகினாள். பிரேக்காரர் சும்மா சோதிப்பதற்காக டக் டக் என்று தட்டினார். பிறகு பேச்சு வந்தது. பம்ப் ஆபரேட்டரின் நாற்காலியைப் பற்றி ஏதோ சொல்லி மகள் சிரித்தாள். பிரேக்காரர் சிரித்தார், அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்துக் கேட்டு எவ்வளவோ நாளாயிற்று. "அங்க போய் சமைக்கத் தெரியுமா உனக்கு?" என்று கேட்டார். "முட்டை அவிக்கத் தெரியும்" என்றாள் அவள். "அப்ப சம்பந்திக்கு அவிக்கிற மாதிரி ரெண்டு கிழங்கும் சேத்து அவிச்சுக்கோ" என்றான் சித்தப்பா.

மெத்தைக்காரம்மா கேட்டுக்கொண்டே நடந்தாள். செருப்பில் மணல் ஏறியிருந்தது. ஊசி குத்திய விரலில் வார் உரசியது. அவள் தைத்துக் கொடுத்த சீட்டில், அவள் நினைத்தபடியே, எல்லாம் நடந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்க்கத்தான் முடியாது. குதிரையைக் கூட்டிப் போகிறவர் அதன் முகத்தைப் பார்த்தால் அது நின்றுவிடும். எந்தக் குதிரையும் அப்படித்தான். இதை யாரும் அதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

ஏரி நெருங்கியது. தண்ணீர் வாடை வந்தது.

"அம்மா, இங்க பாரேன்" என்று கூப்பிட்டாள் மகள்.

மெத்தைக்காரம்மா நடந்தாள்.

"அம்மா, ஒரு நிமிஷம் பாரும்மா. சித்தப்பாவைப் பாரு."

மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்தார்கள். எதற்கென்று அவளுக்குத் தெரியவில்லை. இன்னும் பத்துப் பன்னிரண்டு அடி நடந்தாள். பிறகு திரும்பிவிட்டாள்.

சம்பந்தி நின்றது. சாரட்டு ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. பிளாஸ்க் மூடியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டிருந்த பெயின்டர் அதை மெல்லக் கையில் எடுத்தான். பின்சீட்டில் அவனுக்குப் பக்கத்தில், அவள் அளவுக்கு அடைத்த மெத்தையில், சாப்பாட்டுப் பை உட்கார்ந்திருந்தது. மூன்று பேரும் சிரிப்பை நிறுத்தி அவளைப் பார்த்தார்கள். குதிரையும் பார்த்தது.

யாரும் நாக்கைத் தட்டவில்லை, விசிலடிக்கவில்லை.

"பாத்தாச்சுல்ல" என்றார் பிரேக்காரர், குதிரைக்குக் கேட்காத குரலில். "நட."

அவள் திரும்பி நடந்தாள்.